பண்டமாரானில் ஒரு மணித் தேநீர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்பு நண்பா,

இரட்டைக் கோபுரத்தின் உயரத்தைக் கேட்காமல், "அங்கே ஞாயிற்றுக்கிழமை மேட்சுல டீ பிரேக்குக்கு என்னடா குடுக்குறாங்க?" என்று கேட்ட ஒரே ஆள் நீதான். கேள்விக்கு மரியாதை செய்து, கோபுரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் நேரே சாப்பாட்டுக்கு வருகிறேன்.

இங்கே டீ பிரேக் டீ நேரத்தில் வருவதில்லை. பிற்பகல் மூன்று, நான்கு மணியானால் இடியோடு மழை இறங்கக்கூடும் என்ற பயம் எப்போதும் உண்டு. அதனால் காலை ஒன்பது வாக்கில் டாஸ். முதல் அணி ஆடி முடிக்கும்போது மணி பன்னிரண்டரை, ஒன்று. அந்த இடைவெளிக்குத்தான் டீ என்று பெயர். சோற்று வேளையில் பலகாரம்! ஒன்பது விக்கெட் விழுந்திருந்தால் டீயை அரை மணி வரை தள்ளிவைக்க எம்சிசி விதிகளில் இடம் உண்டு. இங்கே மேகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளுகிறார்கள். கறுத்திருந்தால் நின்றபடியே விழுங்கிவிட்டு மட்டையை எடுக்கிறார்கள்.

மழையைச் சாதாரணமாக நினைக்காதே. 1997 ஐசிசி கோப்பை இறுதியாட்டம் இந்த ஊரில், கிலாட் கிளப் மைதானத்தில் நடந்தது. கென்யா 241 அடித்தது. மழை வந்தது. ஆட்டம் மறுநாளுக்குப் போய், வங்காளதேசத்துக்கு 25 ஓவரில் 166 என்று இலக்கு மாறி, கடைசிப் பந்தில் ஒரு லெக்-பையில் ஜெயித்தார்கள். நான் போன அணியில் ஒரு வங்காளதேசத்து வேகப்பந்து வீச்சாளர் உண்டு. அப்போது அவர் பிறக்கவே இல்லை. ஆனால் அந்த லெக்-பையை ஓடியது தானேதான் என்பதுபோல், வாயில் வடையோடு, எனக்கு நடித்துக் காட்டினார்.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளான். அங்கிருந்து காடியில் பண்டமாரான் பக்கம். (மலேசியத் தமிழர் வாயில் கார் எப்போதும் 'காடி'தான், எனக்கும் தொற்றிவிட்டது.) பண்டமாரானில்தான் பாயுமாஸ் ஓவல் இருக்கிறது. 2023இல் சீனாவுக்கு எதிராக மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் எட்டு ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தாரே, ஆண்கள் சர்வதேச டி20யில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள், அந்த மைதானம். நாங்கள் ஆடியது அங்கே அல்ல, அதே வட்டாரத்தில் ஒரு சாதாரணத் திடல். பாய் விரித்த பிட்ச், ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மடக்கு மேசை.

அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களைச் சொல்கிறேன். கிள்ளான் தமிழர்கள், இரண்டு மலாய்க்காரர்கள், ஒரு சீக்கியர், பாகிஸ்தானியர், மேலே சொன்ன வங்காளதேசத்தவர், கொழும்பிலிருந்து ஒருவர், நம்மூர் ஐடி பையன்கள் மூன்று பேர். இவர்களுக்கு ஒரே தட்டில் என்ன வைப்பாய்? ஒருவருக்கு மாடு ஆகாது, ஒருவருக்கு ஹலால் இல்லாமல் ஆகாது, ஐடி பையன்களில் ஒருவன் முட்டையையும் தொடமாட்டான். கிள்ளானின் புகழ்பெற்ற உணவே பன்றி எலும்பும் மூலிகையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் பக் குட் தே. 2024இல் அரசே தேசிய மரபு உணவுகளில் அதைச் சேர்த்தது. ஆனால் இந்த மேசைக்கு அது வர வழியே இல்லை. இப்படி ஒவ்வொருவருக்கும் ஆகாததைக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். நமக்கு வேறென்ன வேண்டும்?

முதல் இடம் மசால் வடைக்கு. கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து செய்தித்தாளில் பொட்டலம் கட்டி வந்தது. நம்மூர் வடையைவிடச் சற்றே பருமன், ஓரம் நன்றாக முறுகல். சட்னி கிடையாது, கூடவே பச்சை மிளகாய். ஒரு கடி வடை, ஒரு கடி மிளகாய். மலாய் விக்கெட் கீப்பர் மிளகாயை மட்டும் மூன்று எடுத்துக்கொண்டதைப் பார்த்ததும் இந்த நாட்டின்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அடுத்தது கறிபாப். சோமாஸ் வடிவம், உள்ளே மஞ்சளாக உருளைக்கிழங்கு மசாலா. சிலது மேலே சுருள் சுருளாக அடுக்கடுக்காய்ப் பொரிந்திருக்கும். அந்த வகையைக் கண்டால் விடாதே. ஸ்கோர் எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாண வம்சம், பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். "தம்பி, இது எங்கட பற்றிஸ்தான், கொஞ்சம் வீங்கிட்டுது" என்றார். அவருடைய தாத்தா மலாயா ரயில்வேயில் எழுத்தராக வந்தவராம். ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் குடியிருப்புகள் இந்தப் பிரிக்பீல்ட்ஸில் நிறையவே இருந்தன. ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் அவர்கள் கட்டியது. வரும்போதே கிரிக்கெட்டும் கூட வந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் 'வடக்கின் பெரும்போர்' 1904இலேயே தொடங்கிவிட்டதே. தாத்தா காலத்து டீயில் என்ன இருந்தது என்று கேட்டேன். "பெயருக்கு ஒரு சான்ட்விச். மிச்சமெல்லாம் எங்கட வீட்டுப் பலகாரம்" என்றார்.

சான்ட்விச் இன்னும் சாகவில்லை. வெள்ளரிக்காய் வைத்த வெள்ளைக்காரச் சான்ட்விச் அல்ல, டப்பா மத்தியை வெங்காயம், மிளகாய், எலுமிச்சையோடு பிசைந்து தடவியது. டப்பாவில் சேவல் படம், உள்ளே மீன்! ஆயாம் பிராண்ட் என்று 1892இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கம்பெனி. தயங்கித்தான் எடுத்தேன். பிறகு இன்னொன்று எடுத்தேன்.

வெள்ளைக்காரர் டீ நடந்த இடத்தையும் பார்த்தேன். 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் முன்னால் இருந்த பாடாங் புல்வெளி, இன்றைய மெர்டேகா சதுக்கம். 1957இல் பிரிட்டிஷ் கொடி இறங்கியது அங்கேதான். கிளப்பின் கிரிக்கெட் இப்போது புக்கிட் கியாராவுக்குப் போய்விட்டது. இந்த ஊரில் 1909இல் பிறந்த லால் சிங்தான் 1932இல் இந்தியாவின் முதல் டெஸ்டில், லார்ட்ஸில் ஆடியவர். அமர் சிங்கோடு சேர்ந்து 40 நிமிடத்தில் 74 ரன். இரண்டு டீ இடைவேளை நேரம், யோசித்துப் பார். இங்கிலாந்திலேயே இப்போது அந்த டீ ஆட்டம் கண்டுவிட்டது. 2020இல் கொரோனாவுக்காகச் சங்க ஆட்டங்களில் நிறுத்தினார்கள். பிறகு சில லீக்குகள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள் என்று விட்டுவிட்டன. இங்கு டீ எப்போதும் யாரோ வரும் வழியில் வாங்கி வருவதுதான்.

நாசி லெமாக் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அது காலை எட்டு மணிக்கே முடிந்துவிட்டது. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துவிடுவார்கள். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலி, வேர்க்கடலை. டாஸுக்கு முன் சாப்பிட்டால் உரம். இடைவேளையில் சாப்பிட்டால், ஸ்லிப்பில் நின்றபடியே தூக்கம். எங்கள் தொடக்க ஆட்டக்காரர் மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை இடைவேளையில் பிரித்தார். இரண்டாவது ஓவரில் ரன் அவுட். யாரும் எதுவும் சொல்லவில்லை, கேப்டன் மட்டும் காலிப் பொட்டலத்தை ஒரு பார்வை பார்த்தார்.

வாழைப்பழப் பொரியலுக்குப் பிரிக்பீல்ட்ஸ்தான், ஜாலான் தம்பிப்பிள்ளைப் பக்கம். நம் வாழைக்காய் பஜ்ஜியை நினைக்காதே. இது கனிந்த பழம், மேலே நொறுங்கும் மாவு, உள்ளே தேன். அதைக் கிள்ளான் வரை கொண்டுபோனால் தொய்ந்துவிடும் என்பதால், திரும்பி வந்து தனியாக நின்று தின்றேன்.

குடிக்க? தே தாரிக் எனும் பால் தேநீர் பிளாஸ்டிக் பையில் கட்டி வருகிறது, மேல்முடிச்சில் கொக்கிபோல் ஒரு நூல். சூடும் பாலும் வெயிலுக்கு ஒத்துவரவில்லை, பாதிப் பேர் தொடவில்லை. பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் ஐஸ் மைலோ கரைத்திருந்தார்கள்; பள்ளி விளையாட்டு விழாவுக்கு மைலோ லாரி வந்து இலவசமாகக் காகிதக் குவளையில் ஊற்றிய நாளிலிருந்தே அதன்மேல் இவர்களுக்கு ஒரு பக்தி. இன்னொரு டிரம்மில் சிராப் பண்டுங், ரோஜா சிரப்பில் பால் கலந்தது. மயிலாப்பூர் காளத்தி கடை ரோஸ் மில்க்கின் சொந்தக்காரன்தான், சர்க்கரை மட்டும் ஒரு மடங்கு அதிகம். எதற்கு ஓட்டு என்றால் என் ஓட்டு காளத்திக்கே. கிள்ளான்காரர்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது உளறிவைக்காதே.

அன்புடன்,
உன் பழைய டுவெல்த் மேன்