முகப்பும் மெஷினும்

அப்பாவின் முத்துவிழாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது, அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் ஒரே பொருளைத்தான் நினைத்தோம். முதலில் மற்றவர் சொல்லட்டும் என்று இருவருமே சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. சொல்லக் கூசியதற்குக் காரணம் இருந்தது.

1972இல் அப்பா ஓர் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் வாங்கினார். முப்பத்தொரு ஆண்டுகள் அது அவருடைய இடக்கையில் இருந்தது. 2003இல் அவர் பணி ஓய்வு பெற்றார். அச்சமயம், பழைய கடிகாரத்தைக் கொடுத்தால் புதியதன் விலையில் தள்ளுபடி உண்டு என்று ஒரு கடையில் பலகை வைத்திருந்தார்கள். அப்பாவைக் கேளாமலே ஜனதாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பளபளக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றோடு திரும்பினோம். தள்ளுபடி 150 ரூபாய். “சாவி கொடுக்கிற வேலை மிச்சம்” என்றார் அப்பா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அதன்பின் பல மாதங்கள், காலைக் காப்பி குடித்து முடித்ததும் அவருடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும் கடிகாரத்தின் திருகைத் தேடிச் சென்று, ஒருமுறை திருகிப் பார்த்து, வெறுமனே மீள்வதைக் கண்டோம்.

ஆகவே ஜனதாவையே தேடுவதென்று முடிவாயிற்று. இறங்கிய பிறகுதான் அது எத்தனை பெரிய காடு என்று தெரிந்தது.

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து, பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் எச்.எம்.டி. 1987இல் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வரத் தொடங்கிய பின் அதன் செல்வாக்குத் தேய்ந்தது. 2016இல் கைக்கடிகாரப் பிரிவை மூடிவிட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாங்கள் 150 ரூபாய்க்குத் தள்ளிவிட்ட பொருளை இன்று சேகரிப்போர் வலைவீசித் தேடுகிறார்கள். தேடுவோர் பெருகினால் செய்து தருவோரும் பெருகுவர் அல்லவா? பழைய மெஷினை எடுத்து, முகப்பைச் சுரண்டி, புதிதாக வண்ணம் பூசி, ‘ஐம்பதாண்டுப் பழைமை, பயன்படுத்தாதது’ என்று விற்கிறார்கள். பச்சையிலும் ஆரஞ்சிலும், தொழிற்சாலை கனவிலும் கண்டிராத நிறங்களில் எல்லாம் ஜனதா கிடைக்கிறது.

பாடபேதம் பார்த்துப் பழகிய கண் இதில் ஓரளவு கைகொடுத்தது. ஏட்டில் இடைச்செருகலை எழுத்தின் போக்கே காட்டிக்கொடுப்பதுபோல, மறுபூச்சு முகப்பையும் எழுத்துதான் காட்டிக்கொடுக்கிறது. ஆலையில் அச்சிட்ட எழுத்தின் கோடு மெலிந்து, விளிம்பு தெளிந்து நிற்கும். பின்னாளில் அச்சிட்டது தடித்து, உருப்பெருக்கியில் பார்த்தால் மை சற்றுப் பரவியிருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேர்பட மாட்டா. பெரிய முள் நிமிட வட்டத்தை எட்டாமல் குட்டையாக நின்றால், அது வேறொன்றிலிருந்து வந்த முள். உடல் முழுதும் கீறல் விழுந்திருக்க முகப்பு மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் மின்னினாலும் ஐயுற வேண்டியதே.

இவ்வளவு தெரிந்துகொண்ட பெருமிதத்தோடுதான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடிகாரக் கடைக்குப் போனோம். கடை என்பது ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, எழுபதைக் கடந்த ஓர் அண்ணாச்சி. எங்கள் ஆராய்ச்சியை எல்லாம் பொறுமையாகக் கேட்டவர், “மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கியளே சார்வாள், மூடியத் தொறக்கச் சொல்லலியே?” என்றார்.

பிறகு அவரே திறந்தார். அந்த அரைமணி நேரம் எங்களுக்கு அவர் வகுப்பெடுத்தார் என்றே சொல்ல வேண்டும். முதலில் திருகை மெல்லச் சுற்றினார். சாவி சீராக ஏற வேண்டும். நறநறத்தாலோ வழுக்கினாலோ உள்ளே தேய்மானம் இருக்கிறது. திருகை வெளியே இழுத்து முள்ளை நகர்த்தினார்; முள் தளர்ந்து ஆடக்கூடாது. அதன் பின்னர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பேலன்ஸ் சக்கரத்தைக் காட்டினார். 17 கல் வைத்த அந்த மெஷினில் நொடிக்கு 5 துடிப்பு, மணிக்கு 18,000. கடிகாரத்தை மல்லாத்தியும் கவிழ்த்தும் செங்குத்தாக நிறுத்தியும் பார்த்தார். படுக்கையில் விரிந்து ஆடுகிற சக்கரம் நிமிர்த்தியதும் சோர்ந்துவிட்டால் எண்ணெய் வறண்டிருக்கலாம், அச்சுமுனை தேய்ந்திருக்கலாம். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்க வேண்டும். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் பழகாத கை உள்ளே புகுந்திருக்கிறது. திருகின் தண்டருகே துரு இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சிலர் பெட்ரோலில் முக்கி எடுப்பதையே சர்வீஸ் என்பார்கள் என்று சொல்லி முகம் சுளித்தார். பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சிற்றெழுத்துகளும் தேதிகளும் இருந்தன. பழுதுபார்த்தவர்கள் தத்தம் வேலைக்கு இட்டுக்கொண்ட குறிப்புகள்! மூன்று வேறு கைகள்.

இன்னொன்றும் சொன்னார். ஜனதாவுக்குள் இருக்கும் அதே 0231 மெஷின்தான் சேகரிப்போர் உயிரை விடும் கரிய முகப்புப் பைலட்டிலும் இருக்கிறது. மெஷினைப் பார்த்தால் கடிகாரம் ஓடுமா என்பது தெரியும்; அது பிறக்கும்போது என்ன பெயரோடு பிறந்தது என்பது தெரியாது. விலையை ஏற்றுவது முகப்பு, நேரம் காட்டுவது மெஷின். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அவரிடம் இரண்டு ஜனதாக்கள் இருந்தன. ஒன்றின் மெஷின் கொழுத்த ஆரோக்கியத்தோடு ஓடியது; முகப்பு மறுபூச்சு, எழுத்துகூட ஒருபுறம் லேசாகச் சரிந்திருந்தது. விலை 1,200. மற்றதில் முகப்பு அசல், ஓரங்களில் தேன்நிறம் ஏறியிருந்தது. மெஷின் மட்டும் நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்கியது. விலை 3,800, சர்வீஸ் தனி.

“கையில கட்டவா, பெட்டியில பூட்டி வைக்கவா?” என்றார் அண்ணாச்சி.

“கட்டத்தான்.”

“அப்போ இது போதுமே” என்று முதலாவதை நகர்த்தினார்.

தம்பிக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் 150 ரூபாய்க்கு ஒரு அசலைத் தூக்கிக் கொடுத்தவர்கள், அதன் இடத்தில் பூச்சு முகப்பு ஒன்றை வைப்பதா? வாசலில் நின்று வெகுநேரம் வாதிட்டோம். கடைசியில் அசலையே வாங்கினோம். அண்ணாச்சி பத்து நாள் வைத்திருந்து, மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெயிட்டு, நாளுக்கு இருபது நொடிக்குள் ஓடுமாறு செய்து கொடுத்தார்.

விழாவன்று பந்தி முடிந்து வீடு அடங்கியபின் அப்பாவின் கையில் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு. ஆனா நம்மது மாதிரி இல்லியே.”

“அதே ஜனதாதாம்ப்பா. டயல்கூட அசல்.”

“அதத்தான் சொல்லுதேன். நம்மதுல தண்ணி எறங்கி டயலு கருத்துப் போயி, எண்பத்தி மூணுல பெயிண்ட் அடிச்சு வாங்குனேம்லா? எழுத்து லேசா ஒருபக்கம் சரிஞ்சிருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் மணி பாக்கச் சொல்லிக் கொடுத்தது அதுலதானே.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா திருகைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாகச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன விலை என்று கேட்டார். பாதியைச் சொன்னோம்.

மறுநாள் காலையிலேயே ஜங்ஷனுக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டியில் அந்த இடம் காலியாக இருந்தது.

“அதுவா? போன வாரமே ஒரு பையன் வாங்கிட்டுப் போயிட்டான்” என்றார் அண்ணாச்சி. “வேலைக்குச் சேந்திருக்கானாம். கையில கட்டதுக்குன்னான்.”