கதவைத் தட்டுகிறவர்கள்

சனிக்கிழமை காலை பத்து மணி. அடுப்பில் குழம்பு, டிவியில் கிரிக்கெட். அந்த நேரம் பார்த்துத்தான் காலிங் பெல் அடிக்கும். வெளியே கையில் துண்டுப் பிரசுரங்களோடு இரண்டு பேர். "அஞ்சு நிமிஷம் ஒரு நல்ல செய்தி சொல்லலாமா?"

பெரும்பாலானவர்கள் செய்வது மூன்றில் ஒன்று. பட்டென்று கதவைச் சாத்துவது, வாக்குவாதத்தில் இறங்குவது, உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்புவது.

பெரம்பூரில் ஒரு பௌத்தக் குடும்பம். சென்னையில் பௌத்தர்களா என்று ஆச்சரியப்பட வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் இங்கே சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியது 1898-ல்.

அந்த வீட்டு அப்பாவுக்கு வாதம் என்றால் உயிர். வந்தவர்களை நிற்க வைத்தே கேள்வி கேட்டு மடக்குவார். அவர்கள் முகம் வாடித் திரும்பினால் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கும் :-)

அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "வீட்ல யாரும் இல்லன்னு சொல்லிட்டு வாடா" என்று ஆறு வயதுப் பையனை அனுப்புவார். பையனும் முகம் மாறாமல் சொல்லிவிட்டு வருவான். சில மாதம் கழித்து, "மிஸ் டைரியில ஒண்ணும் எழுதல" என்று அதே முகத்தோடு அம்மாவிடமே சொன்னான். டைரியில் சிவப்பு மையில் நாலு வரி இருந்தது. தினமும் பஞ்சசீலம் சொல்கிற வீடு அது. பொய் சொல்லாதிருப்பது நான்காவது சீலம். பையன் எங்கே பழகினான் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கு அப்பாவுக்கு உபாலியின் கதை ஞாபகம் வந்தது. மஜ்ஜிம நிகாயத்தில் வருகிறது. நாளந்தாவில் சமணத் துறவிகளை ஆதரித்து வந்த செல்வந்தர் உபாலி. புத்தரை வாதத்தில் வெல்லப் போய், கடைசியில் அவருடைய சீடரானார். புத்தர் என்ன சொன்னார் தெரியுமா? உன் வீடு நெடுங்காலமாக அந்தத் துறவிகளுக்குச் சோறு போட்ட வீடு, அவர்கள் வந்தால் தொடர்ந்து கொடு என்றார். உபாலி வாயில்காவலனிடம், அவர்களை உள்ளே விடவேண்டாம், ஆனால் உணவு வேண்டுமென்றால் வாசலுக்கே வரும் என்று சொல்லச் சொன்னார். அப்பா இத்தனை வருஷம் வாதத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார், சோற்றை மறந்துவிட்டார். புத்தரின் பிக்குகளே திருவோடு ஏந்தி வீட்டு வாசல்களில் நின்றவர்கள்தானே?

அடுத்த முறை பெல் அடித்தபோது அப்பா ஒரு சொம்பு தண்ணீரோடு போனார். "நாங்க பௌத்தர்கள்ங்க. மாறுற எண்ணம் இல்ல. புத்தகம் வாங்கினா பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும், வேற யாருக்காவது குடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க."

வந்த இருவரில் வயதான அம்மாள் படியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தார். முட்டி வலியைப் பற்றிப் பேசினார். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மொத்தமே ஐந்து நிமிஷம்தான்.

வேண்டாம் என்று தெளிவாகச் சொல்வதில் அன்புக் குறைவு ஒன்றும் இல்லை. "அடுத்த வாரம் வாங்க" என்று மழுப்பினால்தான் அவர்கள் மறுபடி வெயிலில் மாடி ஏற வேண்டும். சொல்லியும் விடாமல் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் "போதுங்க, வணக்கம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். உபாலியும் கதவை மூடத்தான் செய்தார்.

அந்த அம்மாள் இப்போதும் அந்தத் தெருவுக்கு வருகிறார். அந்த வீட்டில் பிரசுரத்தை நீட்டுவதில்லை, தண்ணீர் மட்டும் கேட்கிறார். கொண்டுபோய்க் கொடுப்பது பையன்தான்.

உங்கள் வீட்டில் பெல் அடித்தால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?