மாமாவின் குட்டி எஞ்சினும் கசகசா ஆணிகளும்

உத்தியோகம் பார்த்துப் பழகிய ஆண்களுக்கு ஓய்வுக் காலம் அத்தனை சுலபமில்லை. துணையையும் இழந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். மாமியார் காலமான பிறகு என் மாமனார் பேச்சையே குறைத்துவிட்டார். காலையில் பேப்பர், அப்புறம் ஈஸிசேர், அப்புறம் கூரையைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சு. அவரை மறுபடி நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு குட்டி ரயில் எஞ்சின் என்றால் நம்புவீர்களா?

எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் பல காலம் ரயில் என்றாலே சின்னசேலம்தான். ஆனால் மாமாவின் தாயார் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், அரூர்ப் பகுதியில் பிறந்தவர். அங்கே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ல் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோன அந்த ரயிலின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் மாமா.

அந்த எஞ்சினின் தெளிவான படம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் டார்ஜிலிங் மலை ரயிலின் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார். 1881 முதல் ஓடும் அந்த ரயிலின் தண்டவாள அகலம் இரண்டே அடி. யுனெஸ்கோ 1999ல் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் நீலகிரி ரயில் 2005ல் அதோடு சேர்ந்தது. நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். இது மாமாவின் கணக்கு. உடலுக்கு மரத்துண்டு கிடைக்கப் பஞ்சமா? 2021ல் புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்பங்கள் எங்கள் ஊருடையவை ஆயிற்றே!

மரத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தியதும் எனக்கு அது முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது. மாமா தலையை ஆட்டினார்.

"ரிவிட் இல்லாட்டி இது எஞ்சின் இல்லம்மா, தகர டப்பா."

வெல்டிங் பரவாத காலத்தில் இரும்புத் தகடுகளை ரிவிட் ஆணியால்தான் இணைப்பார்களாம். பழுக்கக் காய்ச்சி, துளையில் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆணி ஆறும்போது சுருங்கும்; அந்தச் சுருக்கமே இரண்டு தகடுகளையும் இறுகக் கட்டிவிடும். ஓர் அங்குல ஆணித் தலை மாமாவின் கணக்குப்படி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதாவது கசகசா அளவு!

இதற்கு அவர் என்னிடம் கேட்ட கருவி, தையல் பெட்டியில் இருந்த டிரேசிங் வீல். தகட்டின் பின்பக்கம் பென்சில் கோடு போட்டு, அதன் மேல் சக்கரத்தை லேசாக ஓட்டினால் சம இடைவெளியில் புள்ளிகள் விழும். தகட்டுக்கு அடியில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்து, மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு புள்ளியையும் அழுத்தினால், முன்பக்கம் குட்டிக் குட்டியாகப் புடைத்து வரும். புள்ளிக் கோலம் போட்ட நமக்கு இது புரியாதா என்ன? ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் வரிசை முழுக்கக் கோணல்தான். தகட்டில் அழுத்த முடியாத மூலைகளில் ஃபெவிகாலை ஊசி முனையில் தொட்டு வைத்தார். காய்ந்ததும் அதுவும் ஆணித் தலை போலவே நின்றது.

சிக்கல் பெயின்ட்டில் வந்தது. பழைய எனாமல் டப்பாக்களையும் தின்னரையும் மாமா கூடத்திலேயே திறந்தார். என் சின்னவனுக்கு அப்போது பத்து மாதம். தவழ்ந்து போய் எதையும் வாயில் வைக்கிற வயது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. நம் நாட்டில் 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

"மாமா, இந்த டப்பா வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றேன். ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் மறுபடியும் ஈஸிசேர். "பெரியவர் மனசு நோகுதே, விட்டுடேன்" என்றார் என் வீட்டுக்காரர். மாமாவின் மனசும் வேண்டும், குழந்தையும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட நான் தயாராயில்லை.

நாலு நாள் கழித்து, ஈயம் சேர்க்காதது என்று அச்சிட்ட, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணங்களை வாங்கி வந்து அவர் முன் வைத்தேன். புள்ளி வைப்பது கூடத்தில். வர்ணம் மொட்டை மாடியில், காற்றோட்டத்தில். பழைய பெயின்ட்டைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூள்தான் பொல்லாதது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் பேரனைத் தூக்க வேண்டும். ஊசியும் துணுக்குத் தகடும் மூடி போட்ட டப்பாவில், உயரமான அலமாரியில்.

மாமா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி வர்ணம் தகட்டுல பிடிக்காதேம்மா... முதல்ல பிரைமர் அடிக்கணும்" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது!

பிறகு அவரே பாடம் எடுத்தார். தகட்டைச் சோப்பு நீரில் கழுவி, விரல் படாமல் காயவைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் உரிந்துவிடும். பிரைமருக்கு மேல் நீல நிறத்தை மெல்லிசாக மூன்று முறை பூச வேண்டும். ஒரேயடியாக அப்பினால் பாடுபட்டு வைத்த ரிவிட் எல்லாம் அமுங்கிப் போகும். கடைசியில் தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய வெறும் தூரிகையால் தடவினால் ஆணித் தலைகள் மட்டும் பளிச்சென்று எழும்பும்.

இன்று அந்த எஞ்சின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அடுத்தது நீலகிரி எஞ்சினாம். என் எட்டு வயது மகள்தான் உதவியாள். தாத்தா கோடு போட, அவள் புள்ளிகளை எண்ணுகிறாள். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இப்படி ஏதாவது ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். எங்கே உட்கார்ந்து செய்வது, எந்த வர்ணத்தில் செய்வது என்பதை மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள்.