திண்டிவனத்தின் மூன்று பெண்கள்



வெளியூரில் ஒருவர் உங்கள் ஊரைக் கேட்டால் என்ன விடை சொல்லுகிறீர்கள்? திண்டிவனத்தார் என்றால், சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழி என்கிறோம். விழுப்புரத்தார் என்றால், பெரிய ரயில் சந்திப்பு என்கிறோம். பிறர் நம்மைக் கடந்து போகிறார்கள் என்பதையே நம் ஊருக்கு அடையாளமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நம் ஊரின் வரலாறு அவ்வளவுதானா என்பதை இந்த வாரம் என்னோடு சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியமரங்கள் அடர்ந்த திந்திரிணிவனமே பேச்சுவழக்கில் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். இங்குள்ள பழைய சிவன் கோவிலின் இறைவன் பெயரும் திந்திரிணீஸ்வரர். நெடுங்காலம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1993 செப்டம்பர் 30 முதல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. மல்லாட்டையும் நெல்லும் விளையும் நிலம். கிழக்கே மரக்காணத்து உப்பளம். தெற்கே திருவக்கரையில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் விவசாயி.

சுவிசேஷமும் இந்தச் சாலைகளில்தான் வந்தது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். திண்டிவனம் அதன் ஊழியத் தலங்களில் ஒன்றாயிற்று. தென்னாற்காட்டின் பிற பகுதிகளில் டென்மார்க்கிலிருந்து வந்த மிஷனெரிகள் உழைத்தார்கள்; அந்த உழைப்பிலிருந்து எழுந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. வால்டர் ஸ்கடர் பெயரைத் தாங்கிய பள்ளியை இன்றும் திண்டிவனத்தில் காண்கிறீர்கள்.

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைக் கவனிக்க 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார். மிஷனெரியாக இங்கே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவில் அந்த வீட்டின் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. முதலில் வந்தவர் ஒரு பிராமணர். அடுத்தவர் ஓர் இஸ்லாமியர். மூன்றாமவர் இன்னோர் இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். என் தந்தைதான் மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு வழக்கம் இடந்தராது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இதை ஐடா அம்மையாரின் அழைப்பைச் சொல்லும் கதையாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று நம் ஊரின் கதையாக இதைக் கேட்கும்படி உங்களை வேண்டுகிறேன். அந்தக் கணவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். சாதியையும் மதத்தையும் தாண்டி, இருட்டில் ஓர் அந்நியர் வீட்டுக்கு வந்து நின்றார்கள். ஆனால் ஒரு மதிலைத் தாண்டியவர்கள் அடுத்த மதிலின் முன் நின்றுவிட்டார்கள். உதவி சில தெருக்களுக்கு அப்பால் இருந்தும் அந்தப் பெண்களை எட்டவில்லை.

அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில், மக்கெதோனியன் ஒருவன் உதவி கேட்டு நிற்பதைப் பவுல் இரவில் தரிசனமாகக் கண்டார். திண்டிவனத்தில் நின்றவர்களோ தரிசனமாக அல்ல, இரத்தமும் சதையுமாக வந்தார்கள். என்னால் இயலாது என்று ஐடா சொன்னது பொய்யன்று. அந்த இரவில் அது முழு உண்மை. ஆயினும் அந்த உண்மையோடு அவர் அமைந்துவிடவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி, மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் சிறிய அளவில் பெண்களுக்குச் சிகிச்சை தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. 1909-இல் செவிலியர் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. நம்மில் எத்தனை பேர் அங்கே நலம் பெற்றிருக்கிறோம்! அதன் வேர் நம் ஊரின் ஓர் இரவில் இருக்கிறது. அந்த மூவரின் பெயர்களை நாம் அறியோம், கர்த்தர் அறிவார்.

பிரியமானவர்களே, நம் ஊர் இன்று மாறிக்கொண்டிருக்கிறது. விளைநிலங்கள் மனைப்பிரிவுகளாகின்றன, சாலையோரமெங்கும் புதுப்புது நகர்கள் எழுகின்றன. பிள்ளைகள் சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் போய்விட, முதிய பெற்றோர் பூட்டிய கேட்டுக்குள் தனித்திருக்கிறார்கள். மொழி தெரியாத வடநாட்டுத் தொழிலாளர் நம் தெருவிலேயே தங்கியிருக்கிறார்கள். அன்று துன்பப்பட்டவர்கள் நம் கதவைத் தட்டவாவது செய்தார்கள். இன்று யாரும் தட்டுவதில்லை. தட்டாததினால் தேவை இல்லை என்று எண்ணிவிடாதிருங்கள்.

எரேமியா 29-ஆம் அதிகாரத்தில், சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தை வாசித்துப் பாருங்கள். தாங்கள் விரும்பி வராத பட்டணத்தில் வீடு கட்டவும், தோட்டம் வைக்கவும், அதன் சமாதானத்துக்காக ஜெபிக்கவும் தேவன் அவர்களுக்குக் கற்பிக்கிறார். அந்நியப் பட்டணத்துக்கே அப்படியென்றால், நாம் பிறந்து வளர்ந்த ஊருக்கு எவ்வளவு அதிகம்!

ஆகையால் இந்த வாரம் உங்கள் தெருவில் நீங்கள் இதுவரை பேசியிராத மூன்று வீடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் கதவைத் தட்டி நலம் விசாரியுங்கள். அங்கே பிள்ளைபெறக் காத்திருக்கும் பெண் இருக்கலாம். மருந்து வாங்கித் தர ஆளில்லாத முதியவர் இருக்கலாம். உங்களால் இயலாததைக் காண நேர்ந்தால் சோர்ந்துபோகாதிருங்கள். யாரால் இயலும் என்று தேடுங்கள், அல்லது நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வழிப்போக்கருக்கு மட்டுமான ஊராயிராமல், துன்பப்படுகிறவர்கள் நின்று இளைப்பாறும் ஊராயிருக்கக் கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.