யோபு பார்த்த காடு



துக்க வீட்டிற்குச் செல்லும்போது என்ன பேசுவதென்று நமக்கு விளங்குவதில்லை. சிலர் தேவ சித்தம் என்கிறார்கள். சிலர் காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆனால், பிள்ளைகளைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் ஒரு தகப்பனிடம் சிங்கத்தைப் பற்றியும் காட்டுக்கழுதையைப் பற்றியும் யாராவது பேசுவார்களா? பேசினால் நாம் அவரை வெளியே அழைத்துச் சென்று, சற்றுப் பொறுங்கள் என்போம். யோபுவிடம் தேவனோ அதைத்தான் பேசினார்.

யோபுவின் புத்தகத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். ஒரே நாளில் அவருடைய மந்தைகள் போயின, வேலைக்காரர் மடிந்தனர், ஒரு பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்து பத்துப் பிள்ளைகளும் மாண்டனர். நண்பர்கள் மூவர் வந்து ஏழு நாள் மௌனமாய் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் செய்த நல்ல காரியம் அந்த மௌனம் ஒன்றுதான். வாயைத் திறந்தவுடன், ஏன் இது நடந்தது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்கள். முப்பத்தெட்டாம் அதிகாரத்தில்தான் கர்த்தர் பேசுகிறார். ஏன் என்ற கேள்விக்கு அவர் ஒரு வரியிலும் விடையளிக்கவில்லை. பூமியின் அஸ்திபாரம், கடலின் கதவுகள், பனி, மழை, நட்சத்திரம் என்று காட்டிக்கொண்டே வந்து, பிறகு யோபுவைக் காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார். சிங்கம், காக்கை, வரையாடு, மான், காட்டுக்கழுதை, காண்டாமிருகம், தீக்குருவி, குதிரை, ராஜாளி, கழுகு எனப் பத்து உயிர்கள் வரிசையாய் வருகின்றன. தேவனே வழிகாட்டியாய் முன்னே நடக்க, சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதர் பின்னே செல்லும் ஒரு கானகப் பயணம் என்றே அந்த அதிகாரங்களைச் சொல்லலாம்.

இறையியல் கல்லூரியில் இந்தப் பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். நம் தமிழ் வேதாகமத்தில் காண்டாமிருகம் என்று வரும் விலங்கு எபிரெய மூலத்தில் காட்டெருதைக் குறிக்கும் என்று இன்றைய அறிஞர் பலர் கருதுவதையும் அறிவேன். ஆயினும் இந்தப் பகுதி ஒரு துக்கப்பட்ட மனிதருக்கு எப்படி ஆறுதலாகும் என்ற கேள்வி, சென்ற கோடைக்காலத்தில் பெங்களூருவில் ஒரு சகோதரியின் வாயிலிருந்து வந்தபோதுதான் என் உள்ளத்தைத் தைத்தது.

நம் சபைக் குடும்பம் ஒன்றின் திருமணத்திற்காக நாங்கள் பதினைந்து பேர் அங்கே சென்றிருந்தோம். சாத்தூரிலும் சிவகாசியிலும் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று அந்த நகரத்தில் வேலை செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் அந்த இளைஞர்கள் எங்களைப் பன்னேர்கட்டாவுக்கு அழைத்துச் சென்றார்கள். நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தூரம்தான். 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. அதன் ஓரத்தில் இருக்கும் உயிரியல் பூங்காவில் வனத்துக்குள் பஸ் பயணம் உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

ஜன்னல்களில் கம்பி வலை அடித்த பஸ் அது. கையை வெளியே நீட்டக்கூடாது, தின்பண்டம் எறியக்கூடாது, எக்காரணம் கொண்டும் கீழே இறங்கக்கூடாது என்று ஓட்டுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு பகுதிக்கும் இரட்டை வாயில்கள் இருந்தன. முதல் வாயில் நமக்குப் பின்னால் மூடிய பிறகே அடுத்த வாயில் திறக்கும். முதலில் மான்களும் காட்டெருமைகளும் இருந்த பகுதி, பிறகு கரடிகள், பிறகு சிங்கம், பிறகு புலி. சிங்கம் ஒன்று பாதையின் ஓரத்திலேயே படுத்திருந்தது. பஸ் அருகில் நின்றும் அது தலையைத் திருப்பவில்லை. கூண்டுக்குள் இருந்தது நாங்கள்தான். சிறுபிள்ளைகள்கூட அதைப் புரிந்துகொண்டு அமைதியானார்கள்.

அந்தச் சகோதரி எனக்கு முன் இருக்கையில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டாசு ஆலை வெடிவிபத்தில் கணவரை இழந்தவர். அவரும் அதே தொழிலில் வேலை செய்தவர்தான். இப்போது தையல் இயந்திரத்தை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். கரடிகளைக் கடந்தபோது ஓட்டுநர் ஒரு செய்தி சொன்னார். முற்காலத்தில் கரடிக்குட்டிகளைப் பிடித்து, மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து, தெருவில் ஆடவைத்துப் பிழைத்த கூட்டத்தார் உண்டு. அவர்களிடமிருந்து மீட்கப்பட்ட கரடிகளுக்குப் பன்னேர்கட்டாவில் ஒரு காப்பகம் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்து, காயம் ஆறி, நல்ல உணவு கிடைத்த பின்பும், சில கரடிகள் நெடுநாள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டேயிருக்கும் என்றார்.

சகோதரி திரும்பி என்னைப் பார்த்தார். “நானும் அப்படித்தான் ஐயா. சாயங்காலம் கம்பெனி வேன் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்,” என்றார். சற்று நேரம் கழித்து, “யோபுவுக்கு ஆண்டவர் மிருகங்களைத்தானே காட்டினார்? பதில் சொல்லவில்லையே. அது எப்படி அவருக்குப் போதுமானதாக இருந்தது?” என்று கேட்டார்.

பஸ்ஸில் வைத்து அதற்கு விளக்கம் சொல்ல நான் முனையவில்லை. “அம்மா, நானும் அதை யோசிக்கிறேன்,” என்று மட்டும் சொன்னேன். அன்று முதல் யோசித்ததில் எனக்குக் கிடைத்தவற்றை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, அந்த நீண்ட பேச்சில் எவ்விடத்திலும் தேவன், நீ செய்த பாவத்தினால் உன் பிள்ளைகள் மாண்டார்கள் என்று சொல்லவில்லை. நண்பர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முடிவில் தேவனுடைய கோபம் யோபுவின்மேல் அல்ல, அந்த விளக்கக்காரர்கள்மேல் வந்தது என்று கடைசி அதிகாரம் கூறுகிறது. நம் பகுதியில் இதைக் கவனமாய்க் கேட்கவேண்டும். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் நம் அருகிலுள்ள அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை விபத்துகள்! ஒவ்வொன்றுக்கும் பிறகு டீக்கடையிலும், சில வேளை ஆலய வாசலிலும்கூட, அவன் கவனக்குறைவு, அவர்கள் குடும்பத்தின் வினை என்ற பேச்சு எழுகிறது. மருந்து கலக்கும்போது ஒரு சிறு உராய்வு போதும் தீப்பற்ற. அந்த உராய்வுக்குக் காரணம் யார், பாதுகாப்பு விதிகள் கைக்கொள்ளப்பட்டனவா என்று விசாரிப்பது அதிகாரிகளின் கடமை. அது நேர்மையாய் நடக்கவேண்டும் என்று கேட்பது நம் கடமை. ஆனால் மாண்டவரின் மனைவியிடம் போய்த் தேவனுடைய பெயரால் தீர்ப்புச் சொல்ல நமக்கு உத்தரவில்லை.

இரண்டாவது, தேவன் காட்டிய விலங்குகளில் குதிரையைத் தவிர மற்றவை எதுவும் மனிதனுக்கு உழைப்பவை அல்ல. காட்டுக்கழுதை சுமை சுமக்காது. காட்டெருது ஏர் இழுக்காது. கழுகு எட்டாத பாறையில் கூடு கட்டும். ஒருவருக்கும் பயன்படாத, ஒருவரும் காணாத உயிர்களைத் தேவன் ஒவ்வொன்றாய் அறிந்திருக்கிறார். வரையாடு கருத்தரித்துச் சுமக்கும் மாதங்களைக்கூட அவர் எண்ணுகிறார். பன்னேர்கட்டாவின் சிங்கங்களுக்கு மனிதர் வேளை தவறாமல் இறைச்சி கொடுக்கிறார்கள். வேலிக்குள் இருக்கும் சிலவற்றைப் பேணவே எத்தனை ஊழியர், எத்தனை செலவு! அதே காடு வேலிக்கு அப்பால் தெற்கே நீண்டு, நம் மாநிலத்தின் ஓசூர், தளிப் பக்கத்துக் காடுகளோடு சேருகிறது. யானைகள் மாநில எல்லை அறியாமல் அதன் வழியே வந்து போகின்றன. அவற்றுக்கு உணவளிப்பவர் யார் என்பதே யோபுவிடம் கேட்கப்பட்ட கேள்வி.

இது துக்கப்பட்டவருக்கு ஏன் ஆறுதல்? இந்த உலகத்தில் ஒருவன் உழைக்கும்வரைதான் மதிப்பு. ஆலையில் கை உழைக்கிறவரை கூலி உண்டு. கை போனால் பெயரும் மறந்துபோகும். பயன்படாதவற்றையும் பெயர் அறிந்து பேணுகிற ஒருவர் இருக்கிறார் என்றால், உழைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் யோபுவும், வாசலில் வேன் சத்தத்திற்குக் காது கொடுக்கும் விதவையும் அவருடைய கணக்கிலிருந்து விழுந்துவிடவில்லை. ஒரு காசுக்கு விற்கப்படும் இரண்டு குருவிகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதும் இதையே.

மூன்றாவது, யோபுவின் கடைசி அதிகாரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழாயிரமாய் இருந்த ஆடுகள் பதினாலாயிரமாயின. மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரமாயின. எருதுகளும் கழுதைகளும் அப்படியே இரட்டிப்பாயின. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முன்பு போலவே ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள். பழைய உரைகாரர் சிலர் இதற்குத் தரும் விளக்கம் எனக்கு மிகவும் அருமையாய்த் தோன்றுகிறது. ஆடு போனால் வேறு ஆடு வரும். பிள்ளை போனால் அந்த இடத்தில் வேறு பிள்ளை வருவதில்லை. முந்தின பத்துப் பேரும் தேவனிடத்தில் இருக்கிறார்கள். ஆகவே அவர்களையும் சேர்த்து எண்ணினால் இரட்டிப்புத்தான். இழப்பீட்டுத் தொகை எதுவும் ஒரு மனிதரின் இடத்தை நிரப்பாது என்பதைப் பரிசுத்த வேதமே ஒப்புக்கொள்ளுகிறது. துக்கம் தீராதது விசுவாசக் குறைவல்ல. காயம் ஆறிய பின்னும் தலையாட்டும் கரடியை யாரும் கடிந்துகொள்வதில்லை.

இவற்றைக் காண நாம் பெங்களூருவரை போகவேண்டியதில்லை. தெளிந்த காலையில் மேற்கே பாருங்கள். நீலக்கோடாய்த் தெரிகிறதே, அந்த மலைகளில் 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கென்று ஒரு சரணாலயம் அமைத்தார்கள். 2021 பிப்ரவரியில், அச்சங்குளம் அழுத அதே மாதத்தில், அது மேகமலையோடு இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம், இந்தியாவின் 51-ஆவது. யோபுவின் புத்தகத்தில் வரும் வரையாடு என்ற பெயருக்குரிய நம் மாநில விலங்கும் அந்த உயரங்களில் வாழ்கிறது. செண்பகத்தோப்பு அடிவாரத்தில் பொறுமையாய் நின்றால் மரக்கிளையில் நீண்ட வாலைத் தொங்கவிட்ட அணிலைக் காணலாம். புலி கண்ணில் படாமலே போகலாம். ஆனாலும் அது அங்கே இருக்கிறது.

மனிதர் இல்லாத வனாந்தரத்திலும் தேவன் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று யோபுவுக்குச் சொல்லப்பட்டது. நம் ஊரைத் தொட்டு ஓடும் வைப்பாறு அந்த மேற்கு மலைகளிலிருந்துதான் வருகிறது. ஆண்டில் பல மாதம் அது மணலாய்க் கிடப்பதை அறிவோம். எப்போதாவது நீர் வரும்போது அது நம்மில் ஒருவரும் குடியிராத இடத்தில் பெய்த மழை. நாம் காணாத இடத்தில் தேவன் செய்வது, நாம் நிற்கும் இடத்திற்கு ஒருநாள் வந்து சேருகிறது.

நம் ஆண்டவராகிய இயேசுவும் நாற்பது நாள் வனாந்தரத்தில் காட்டுமிருகங்களோடு இருந்தார் என்று மாற்கு ஒரு சிறு குறிப்பாய் எழுதுகிறார். யோபுவுக்கு விலங்குகளைக் காட்டியவர், காலம் நிறைவேறினபோது தாமே அவற்றின் நடுவே வந்து தங்கினார். பிறகு சிலுவையில், ஏன் என்ற கேள்வியைத் தாமே கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பவர்களை அவர் ஒருபோதும் தள்ளமாட்டார்.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் துக்கத்தோடு இருக்கும் ஒருவரைச் சந்தியுங்கள். விளக்கம் கொண்டுபோகாதீர்கள். கூட அமருங்கள். அவர்கள் விரும்பினால் ஒருநாள் அவர்களையும் பிள்ளைகளையும் செண்பகத்தோப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டுச் செல்லுங்கள், சத்தமின்றி நடங்கள். தேவன் தாமே வழிகாட்டியாய் முன்னே நடக்கட்டும்.

ஜெபம்: காக்கைக் குஞ்சுகளின் கூப்பிடுதலைக் கேட்கிற தேவனே, எங்கள் ஊரில் தீயினால் அன்பானவர்களை இழந்த ஒவ்வொரு வீட்டையும் நினைத்தருளும். ஆலைகளில் உழைக்கிறவர்களைக் காத்தருளும். அவர்களைக் காக்கும் பொறுப்பில் இருப்போருக்கு விழிப்பைத் தாரும். பதில் அறியாத எங்களுக்கு உம்முடைய சமுகமே போதுமானதாயிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.