யாரும் எடுக்காத மூட்டை

எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கம். ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் ஊராட்சியின் குப்பைக்கிடங்கு இருக்கிறது. பலா சீசனில் சக்கை வாடைதான் முதலில் ஆளை வரவேற்கும். சக்கை, வாழைச்சருகு, காய்கறித் தோலெல்லாம் குழிக்குப் போய் உரமாகிவிடும். பால் கவர், பாட்டில், அட்டையை எல்லாம் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். கடைசியில் ஷாம்பு, ஊறுகாய், சிப்ஸ் பாக்கெட்டுகள் மட்டும் மூட்டை மூட்டையாக மிஞ்சும்.

“இத எவனும் எடுக்க மாட்டான் தம்பி. எரிக்கவும் கூடாதுங்கறாங்க. வெச்சிருந்தா காத்துல பறந்து ஏரிக்குத்தான் போவுது” என்றார் தரம் பிரிக்கும் தூய்மைக் காவலர் அக்கா.

இந்தப் பாக்கெட் குப்பை எப்போது ஊருக்குள் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்கத் தொடங்கினேன். அவர்கள் சின்ன வயதில் பொதுக் குப்பைமேடு என்ற ஒன்றே கிடையாதாம். வீட்டுக்கு வீடு கொல்லையில் எருக்குழி. சாணி, சாம்பல், கூளம் எல்லாம் அதில் விழும். கோடை உழவுக்கு முன்னால் வண்டி கட்டி நிலத்துக்கு அடித்துவிடுவார்கள். பாக்கெட்டுகள் கலக்க ஆரம்பித்த பிறகு எரு கெட்டது. கலப்பையில் பிளாஸ்டிக் சிக்கியது. நிலத்துக்கு ஆகாத குப்பையை ஊருக்கு வெளியே கொட்டிக் கொட்டித்தான் இந்த மேடு உண்டானது.

பாக்கெட்டின் பூர்வீகத்தைத் தேடியபோது நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை. தேடல் கடலூரில் கொண்டுபோய் விட்டது. கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்கும்படி பொருள்களைச் சிறுசிறு பாக்கெட்டில் அடைக்க நினைத்தவர் அவ்வூர்ச் சின்னி கிருஷ்ணன். அந்த வழியில்தான் அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் பாக்கெட் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். ஏழைக்கும் எட்டவேண்டும் என்ற அந்த எண்ணத்தை என்னால் குறைசொல்ல முடியாது. பாட்டில் ஷாம்பு எங்கள் தெருவில் யாருக்குக் கட்டுப்படியாகியிருக்கும்?

கிடங்கில் ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே அச்சேறிய பாலியெஸ்டர், நடுவில் வெள்ளிபோல் மின்னும் உலோகப் படலம், உள்ளே சூட்டில் ஒட்டும் பாலித்தீன். நகத்தால் எவ்வளவு சுரண்டியும் அடுக்குகள் தனித்தனியாக வரவில்லை. காற்றும் ஈரமும் புகாமல் காப்பது இந்த ஒட்டுதான். மறுசுழற்சிக்கு ஆகாமல் செய்வதும் அதுதான். இப்படிப்பட்டதை வீட்டில் எத்தனை ஒழுங்காகப் பிரித்துப் போட்டு என்ன?

சட்டம் இதைக் காணாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் கிராம ஊராட்சிகளையும் பொறுப்புக்குள் கொண்டுவந்தன. மறுசுழற்சி செய்யமுடியாத பல அடுக்கு உறைகளை இரண்டே ஆண்டில் நிறுத்தவேண்டும் என்றும் சொல்லின. கெடு நெருங்கிய 2018இல் ஒரு திருத்தம் வந்தது: எரித்து ஆற்றல் எடுக்க முடியும் என்றாலோ, வேறு எதற்காவது பயன்படும் என்றாலோ தொடரலாம். சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கலாமே என்ற ஒரு காரணத்தால் பாக்கெட் பிழைத்துக்கொண்டது.

அந்தச் சூளை எங்கோ இருக்கிறது, மூட்டை இங்கே கிடக்கிறது. தயாரித்தவரே திரும்பப் பெறவேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அப்படியானால் அவர்களுடைய வண்டி எங்கள் ஏரிக்கரை வரை வரட்டும். மூட்டையை எடைபோட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று அக்கா கையில் கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போகட்டும்.