வால்வெள்ளியும் ஒரு தாயின் அச்சமும்

2024 செப்டம்பர் 30. வைகறைத் திருப்பலிக்கு முன், நம் கடற்கரைப் பங்கின் கோவில் வாசலில் ஓர் அம்மா காத்திருந்தார். "சாமி, கிழக்கே வால்வெள்ளி தெரியுதாம். எம் மகளுக்கு இது எட்டாம் மாசம். ஜெபிச்சு அனுப்புங்க" என்றார்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை, அம்மா" என்று கூறி அனுப்பிவிட்டோம். செபிக்கவில்லை. அன்று முழுவதும் அச்சொல் நம் உள்ளத்தை உறுத்திற்று. அவ்வால்வெள்ளியை நாமே இன்னும் கண்டிருக்கவில்லை என்பதும் உறுத்திற்று.

மறுநாள் ஐந்து மணிக்கு அவரையும் அழைத்துக்கொண்டு, இரவல் வாங்கிய பைனாகுலருடன் கடலோரம் சென்றோம். உச்சி வானில், ரிஷபத்தின் கொம்புகளிடையே வியாழன் ஒளிர்ந்தது. அதற்குக் கிழக்கே, மிதுனத்தில், செவ்வாய் சிவந்து நின்றது. கடல்விளிம்புக்குச் சற்று மேலே மெல்லிய புகைக்கீற்றாய்த் தெரிந்தது சூச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி.

அது பனியும் தூசும் கலந்த உருண்டை என்றோம். செப்டம்பர் 27 அன்று சூரியனை ஏறத்தாழ 6 கோடி கிலோமீட்டர் தொலைவில் நெருங்கியபோது, வெப்பத்தால் பனி ஆவியாகித் தூசையும் கிளப்ப, அது வாலாய் நீண்டது. வால் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீளுமாதலால் விடியுமுன் மேல்நோக்கி நிற்கிறது என்றும் விளக்கினோம். "இப்பிள்ளை கருவாகுமுன்பே, 2023லேயே, வானியலார் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அம்மா. உங்கள் வீட்டைத் தேடி இது வரவில்லை."

ஓவியர் ஜொத்தோவைப் பற்றியும் சொன்னோம். 1301இல் தோன்றிய ஹாலி வால்வெள்ளியை அவர் கண்டிருக்க வேண்டும் என்பர். சில ஆண்டுகளுக்குப்பின் பதுவா நகரச் சிற்றாலயத்தில் ஞானிகளின் வருகையைத் தீட்டியபோது, மக்கள் அஞ்சிய அவ்வால்வெள்ளியையே குழந்தை இயேசுவின் குடிலுக்கு மேல் விண்மீனாக வைத்தார்.

அம்மா அமைதியாகக் கேட்டார். பைனாகுலரைத் திருப்பித் தந்தார். "சரி சாமி. போன வருஷம் மொதப் பிள்ளை தங்கல. அதான் பயம். ஜெபிப்பீங்கள்ல?"

நமக்குப் பேச்சு எழவில்லை. அவர் அச்சத்துக்குக் காட்டிய காரணம் பிழையாயிருக்கலாம், அச்சம் பிழையன்று. நம் இறையியலும் வானியலும் முதலாவதையே திருத்தின. இரண்டாவதற்கு அருகில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவர் முதல்நாளே நம்மிடம் வந்திருந்தார்.

மணலிலேயே நின்று செபித்தோம். கீழ்வானம் வெளுக்க, வால்வெள்ளி மறைந்தது. கோவில் மணி ஒலித்தது. அன்று சிறுமலர் தெரசாவின் நாள். திருப்பலியில் அம்மகளை நினைவுகூர்ந்தோம்.

நவம்பரில் குழந்தை நலமாய்ப் பிறந்தது. திருமுழுக்குக்கு வந்த அன்று, வால்வெள்ளியைப்பற்றி அந்த அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. பிள்ளையை நம் கையில் கொடுத்துவிட்டு, சற்றே விலகி நின்றுகொண்டார்.